அளவெல்லாம் சரிதான்

பல்செட்டை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் மாஸ்டர். வாஷ்பேசினில் பாதிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே வைத்துத்தான் தேய்க்க வேண்டும். கை தவறினாலும் தண்ணீரில் விழும், உடையாது. தண்ணீருக்குப் பஞ்சமென்றால் ஒரு துண்டையாவது மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் உடைந்த செட்டு எது வந்தாலும், இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டு, "மொட்டைப் பேசின்ல கழுவியிருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ப்பில் ஏளனமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

அன்று காலை அவர் மொட்டைப் பேசினில்தான் கழுவினார்.

செட்டு அவருடையதில்லை, மனைவியுடையது. அவள் குளிக்கப் போயிருந்தாள். கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்த மேல்வரிசையைச் சும்மா ஒருதரம் எடுத்துப் பார்த்தார். மற்றவர்கள் காலையில் செய்தித்தாளைப் பார்ப்பது மாதிரி அவர் அதைப் பார்ப்பார். அவர் கையால் செய்த செட்டு அது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது ஓரத்தில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. சோப்புப் போட்டால் போய்விடும் என்று தோன்றியது. சோப்பு கொஞ்சம் தாராளமாகிவிட்டது. வழுக்கி விழுந்ததென்று சொன்னால்கூடப் பொய்தான். குதித்தது. பேசினில் ஒருமுறை மோதி, குழாயில் ஒருமுறை மோதி, நடுவே இரண்டு முன்பற்களுக்கும் இடையில் நேர்கோடாகப் பிளந்து, கணவனும் மனைவியும் கோபித்துக்கொண்டு படுத்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொல்லித் தப்பிக்க மாஸ்டருக்கு ஆனை அளவு உடம்பும் இல்லை. பூனை தட்டிவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தார். வீட்டில் பூனை இல்லை. தலையில் துண்டோடு மனைவி வெளியே வந்தபோது, திருட்டுச் சாமானோடு பிடிபட்டவர் போல இரண்டு கையிலும் ஒவ்வொரு துண்டை வைத்துக்கொண்டு நின்றார்.

திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் துண்டுகளைப் பார்த்தாள். கையில் கீறியதா என்று கேட்டாள். இல்லை என்றதும், "பரவாயில்ல. மெதுவா ஒட்டுங்க. அவசரமே இல்ல" என்றாள்.

சொன்னது சாதாரணப் பேச்சுதான். ஆனால் அதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு விட்டாள். வருவதாக இருந்த விருந்தாளிகள் வரவில்லை என்று சேதி வந்தால் வீட்டுக்காரி விடுவாளே, அந்த மாதிரி மூச்சு. காபி கொடுக்கும்போது மறுபடி ஒருதரம் சொன்னாள், அவசரமே இல்லை என்று. மத்தியானமும் சொன்னாள். அவசரமில்லை என்பதில் அவளுக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்றுதான் மாஸ்டருக்குப் புரியவில்லை.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை அச்சாக வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, செட்டாக்கித் திருப்பிக் கொடுப்பது பட்டறையின் வேலை. கிளினிக்குக்கு முன்பக்கம் கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, மீன் தொட்டி. பட்டறைக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் போக வேண்டும். வாலிபத்தில் அந்தச் சந்தில் நுழைந்தவர், தலை நரைத்து, மாவில் மேலும் நரைத்து, அறுபதில் வெளியே வந்தார். பட்டறையில் எல்லோரும் மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டதில் வீட்டிலும் தெருவிலும் அதுவே பெயராகிவிட்டது.

அந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. பல் கட்டிக்கொள்கிறவரைப் பட்டறைக்காரன் பார்ப்பதே இல்லை. ஆணா பெண்ணா, என்ன வயது, பல் என்ன நிறம், இவ்வளவுதான் டாக்டரிடமிருந்து வரும். மற்றபடி எதிரில் இருப்பது மாவுத் தாடை. அது வலிக்கிறது என்று சொல்லாது, பிடிக்கவில்லை என்று முகத்தைச் சுளிக்காது. மாஸ்டருக்கு ஊரில் பாதிப் பேருடைய வாய் தெரியும், ஒருத்தர் முகமும் தெரியாது. பஸ்ஸில் எதிர் இருக்கைக்காரர் கொட்டாவி விட்டால், 'இது நம்ம வேலை' என்று உள்ளுக்குள் சலாம் போட்டுக்கொள்வார். அதோடு சரி.

ஓய்வு பெற்றதும் அவர் ஓய்வெடுத்தார். கொஞ்சம் அளவுக்கு மீறியே எடுத்துவிட்டார் என்பது வெளியூரில் இருக்கும் மகளின் அபிப்பிராயம். அவரைக் கேட்டால், அந்தச் சில மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பார். உண்மையிலேயே ஒன்றுமில்லை. காலையும் மாலையும் ஒரே நிறத்தில் வந்து போயின.

அப்போதுதான் மனைவிக்குப் பல் ஆட ஆரம்பித்தது. ஈறில் பழைய நோய். ஒன்றிரண்டு என்று ஆரம்பித்து, ஒன்றும் தேறாது, எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாஸ்டர் அன்றே நிமிர்ந்துவிட்டார். 'இதைவிட நல்ல வரிசையா வெச்சுடறேன், நான் எதுக்கு இருக்கேன்' என்று மனைவியிடம் சொன்னார். டாக்டரிடம் சொன்னார். கீழ்வீட்டுக்காரம்மாவிடமும் சொன்னார். பல் பிடுங்குவதற்கு முன் பழைய வரிசையை ஓர் அளவு எடுத்து வைக்கலாமே என்று டாக்டர் கேட்டார். பட்டறைக்கு வருகிற வேலைகளில் அப்படி எடுத்து வைக்கச் சொல்லி வற்புறுத்துகிறவரே மாஸ்டர்தான். 'ஆடுற பல்லு, அதுக்கு எதுக்கு அளவு' என்று அன்றைக்கு அவரே வேண்டாமென்றார்.

சமையல் மேடையில் பாதி அவருக்கு ஒதுக்கப்பட்டது. பட்டறையிலிருந்து, பல் அடுக்கிய அச்சை உள்ளே வைத்து மூடும் பித்தளைக் கூடும், அதை அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டமும் இரவலாக வந்தன. பெரிய பாத்திரத்தில் அதைப் போட்டு வேகவைத்தார். பக்கத்து அடுப்பில் மனைவி தனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்த நிறத்தைவிட ஒரு பங்கு வெளுப்பாக, அளவாக, சின்னதாகப் பல் தேர்ந்தெடுத்தார். கயிறு பிடித்த மாதிரி வரிசை. அண்ணத்தில் வைத்தால் அப்படியே கவ்விக்கொண்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று செய்ததில்லை என்று அவருக்கே தெரிந்தது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் பத்து வயசு குறைஞ்சு போச்சு என்றாள். மனைவி கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். மாஸ்டருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

செட்டு உடைந்த மூன்றாம் நாள் மத்தியானம். துண்டுகளின் ஓரத்தைச் சமையலறையில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் மனைவி தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் புரையேறின மாதிரி ஒரு திக்கல். பிறகு அது மேலே ஏறும், ஏறிக்கொண்டே போகும், இனி ஏற இடமில்லை என்றதும் "அய்யோ... அய்யோ..." என்று படி இறங்கும். அவளுடைய சிரிப்பு அது. ஒரு காலத்தில் மாடிப்படி முழுக்கக் கேட்கும். கீழ்வீட்டுக்காரம்மா தலையை நீட்டி, மேலே என்ன விசேஷம் என்று கேட்பாள். காரணம் தெரியாமலே மாஸ்டரும் சுவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று இதைக் கேட்டு என்று நினைத்தார். நினைத்தவர் அதோடு விட்டிருக்கலாம். கணக்குப் பார்த்தார். கை நின்றுவிட்டது.

புதுப் பல் வைத்ததற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை.

அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். எந்த டாக்டர் எந்த மாடி, எந்த நோயாளி எந்தப் படுக்கை என்று நாள் முழுக்க நேராகப் பதில் சொல்லியே ஓய்வு பெற்றாள். பேசுவது தொழில், சிரிப்பது அவள் சொந்தச் செலவில் செய்துகொண்டது. சாயங்காலமானால் கீழே இறங்கிப் போய்க் கீழ்வீட்டு வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். அந்தப் போக்கு எப்போது நின்றது? முழங்கால் வலி என்றாள், இவரும் தைலம் வாங்கி வந்தார். சாப்பாட்டுக்கு எதிரில் உட்காருவது எப்போது நின்றது? நீங்க சாப்பிடுங்க, எனக்கு வேலை இருக்கு என்பாள். பேசும்போது உதட்டருகே விரலைக் கொண்டுபோவது எப்போது வந்தது? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் அவரிடம் இருந்தது. சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. மாவுத் தாடையானால் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்.

அன்று சாப்பாட்டில் கேட்டார்.

"செட்டு எங்கயாவது குத்துச்சா?"

"இல்லையே."

"ஈறு புண்ணாச்சா?"

"இல்ல."

"கழண்டு கழண்டு வந்துச்சா?"

"அதெல்லாம் இல்லங்க. நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிடுங்க, ஆறுது."

ஆயிரம் பேருக்கு நேர்பதில் சொன்ன ஜன்னல் அவருக்கு மட்டும் மூடிக்கொண்டது. மாஸ்டருக்கு வாயைப் பிடுங்குகிற வித்தை தெரியாது. பட்டறையில் எந்த வாயும் எதிர்த்துப் பேசியதில்லை.

மறுநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கொழுந்தியாளுக்குப் போன் செய்தார். கொழுந்தியாளுக்கு அக்காவின் மூக்கு, அக்காவின் நாக்கு. அத்தான் தானாகப் போன் செய்கிறவர் இல்லையே, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். ஒன்றுமில்லை, நேற்று உன் அக்கா எதற்கு அப்படிச் சிரித்தாள் என்று கேட்டார். சிரிச்சது ஒரு குத்தமா அத்தான், போலீஸ் வெச்சு விசாரிக்கிறீங்க என்றாள். எல்லாம் சின்ன வயசுக் கதை, ஒரு வீட்டுச் சுவரேறிக் குதித்து நாய் துரத்தின கதை என்றாள். நாயைப் பற்றி விவரமாகவே சொன்னாள். அது சரி, ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் இந்த மாதிரிச் சிரிக்கவில்லையே, ஏன் என்று கேட்டார்.

"அத அக்காவையே கேளுங்க அத்தான். நான் சொன்னா நல்லா இருக்காது."

சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அது வரைக்கும் வெறும் குறுகுறுப்பாக இருந்தது, நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. மகளைக் கேட்டார். அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீங்க ஏன் கவலைப்படறீங்க என்று, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நாலு பேர் சேர்ந்து அவருக்குத் தெரியாமல் ஏதோ ஒன்றைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், போர்வைக்குள் என்னவென்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்று தோன்றியது.

டாக்டர் இருக்கவே இருக்கிறார் என்று கிளம்பினார். செட்டு ஒட்ட ரோஸ் கலர் பொடி வேண்டும் என்பது சாக்கு. பட்டறைக்குப் போகும் சந்தை வெட்டித் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் முன்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அந்தக் கதவைத் தொட்டதில்லை. மேசையில் இருந்த பெண்ணுக்கு அவரைத் தெரியவில்லை. அப்பாயின்ட்மென்ட் இருக்கா, உட்காருங்க என்றாள். உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் முகங்கள். ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வயதான அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, வாயை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாவில் வார்க்காமல், நேரில் வாய்களைப் பார்ப்பது அவருக்கு என்னவோ அத்துமீறல் மாதிரி இருந்தது. மீனைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்மணிக்குப் புதுப் பல். சுவர்க் கண்ணாடி முன் கணவர் அவளை நிறுத்தினார்.

"பாரு, எவ்வளவு நல்லா இருக்கு. இல்ல?"

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லா இருக்கு" என்றாள்.

அதே வார்த்தைதான், அதே தணிவுதான். கணவருக்குத் திருப்தி. செருப்பு மாட்டிக்கொண்டார். அவள் இன்னொருமுறை கண்ணாடிக்குத் திரும்பி, யாரோ தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைக்கிற பாவனையில் மூடிக்கொண்டு அவர் பின்னால் போனாள். மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். அந்த ஆளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொல்வது? அது அவர் செய்த செட்டாகக்கூட இருக்காது. ஆனாலும் அந்த முகத்துக்கு, இதற்கு முன் பார்க்காமல் போன அத்தனை முகத்துக்கும் சேர்த்து, அவர்தான் பொறுப்பு என்று அந்த நேரத்தில் தோன்றியது.

டாக்டர் அன்பாகத்தான் பேசினார். உட்காருங்க மாஸ்டர், அளவெல்லாம் சரிதானே, பின்ன என்ன, மனசு பழகணும், அதுக்கு நம்மகிட்ட மருந்து இல்லையே என்றார். பொடிக்குக் காசு வாங்க மறுத்தார். கண்ணாடி முன் நின்ற பெண்ணைப் பார்த்திருக்காவிட்டால் இந்தப் பதிலை மாஸ்டரும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பார். எத்தனையோ பேருக்கு அவரே சொல்லி அனுப்பிய பதில்தான் அது.

வீட்டுக்கு வந்து உடைந்த துண்டுகளை ஒட்டவில்லை. பரண்மேல் இருந்த மனைவியின் தாடை அச்சை இறக்கினார். புதிதாக ஒரு மேல்வரிசை செய்துவிடுவது என்று முடிவு. இந்தத் தடவை அழகாக வேண்டாம், அவளுடைய பல் மாதிரியே இருக்கட்டும். மெழுகை உருக்கி அச்சின்மேல் மேடை கட்டினார். முதல் பல்லைக் கையில் எடுத்தார். எடுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவளுடைய பல் எப்படி இருந்தது?

வேடிக்கையாக இருந்தது. பட்டறையின் முதல் வருஷத்தில் பார்த்த மாவுத் தாடைகள் ஞாபகம் இருக்கின்றன. கீழ்ப்பல் எல்லாம் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் மாதிரி நெருக்கியடித்த ஒன்று. கோரைப்பல் இரண்டும் காவல்காரர் மாதிரி விறைத்து நின்ற ஒன்று. எப்போதும் ஒரே பக்கம் மென்று மென்று தேய்ந்துபோன ஒன்று. அவர்கள் யாரென்றே தெரியாது, வரிசை மட்டும் கண்முன் நிற்கிறது. எதிரில் உட்கார்ந்து ஒரு ஆயுசு சாப்பிட்ட வாய், அந்த இடத்தில் மட்டும் யாரோ ரப்பர் போட்டு அழித்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

ஆல்பத்தை எடுத்தார். கல்யாணமான புதிதில் எடுத்த படங்களில் உதட்டை மூடிக்கொண்டிருந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டிருக்கும் படத்தில் மகளின் தலை மறைத்தது. ஒரு கடற்கரைப் படத்தில் சிரித்திருந்தாள், ஆனால் கையால் பொத்திக்கொண்டு. அத்தனை படத்திலும் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டு நின்றது அவர்தான். ஒரு மழைநாள் ஞாபகம் வந்தது. அவர் பெரிய ஆளாட்டம் முன்னால் ஏறி, தவறான பஸ்ஸில் அவளை உட்கார வைத்து, ஊரின் மறுகோடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசி நிறுத்தத்தில் இறங்கி நின்றபோது அவள் சிரித்தாள். நனைந்த முடி ஞாபகம் இருக்கிறது. கையில் இருந்த பையின் பச்சை நிறம் ஞாபகம் இருக்கிறது. அழுதுவிடுவாள் என்று பயந்ததும், அவள் சிரித்தபோது எதிர் நடைபாதையில் நின்ற ஆளும் சேர்ந்து சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. வாயைத்தான் காணோம்.

பல் கட்டுகிறவன் பெண்டாட்டிக்குப் பல் எப்படி இருந்ததென்று தெரியாது. பட்டறையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். இப்போது சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், கிடைத்த பற்களை ஒரு மாதிரியாக மெழுகில் அடுக்கி வைத்துக்கொண்டு சமையல் மேடையருகே உட்கார்ந்திருந்தார். மெழுகு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. கொடியிலிருந்து எடுத்த துணிகளை மனைவி நாற்காலியில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். முடிந்தால் இன்றைக்கும் எதையாவது கோமாளித்தனமாகச் சொல்லி, அது வழியாக விஷயத்துக்குப் போயிருப்பார். அதுதான் அவர் பழக்கம். ஒன்றும் அகப்படவில்லை.

"உன் பல்லு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"எந்தப் பல்லு?"

"உன்னோடது. சொந்தப் பல்லு. எனக்கு ஞாபகம் வரல. நேத்துலேர்ந்து யோசிக்கிறேன்."

மடித்த சட்டையை அவள் மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிர் முக்காலியில் உட்கார்ந்தாள். செட்டு இல்லாத கன்னம் ஒடுங்கியிருந்தது. விரல் உதட்டுக்குப் போகவில்லை என்பதை அவர் கவனித்தார்.

"இப்படிக் குடுங்க" என்று மெழுகு வரிசையை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை வைத்து ஒரு முன்பல்லை அமுக்கினாள். மெழுகு இடம் கொடுத்தது. பல் கொஞ்சம் திரும்பிக்கொண்டது.

"இது இப்படி முன்னால வந்திருக்கும். இது, பக்கத்துல இருக்கறது, அது மேல கால் போட்டு உக்காந்திருக்கும்." அடுத்ததை நகர்த்தினாள். "இங்க ஒரு சந்து. ஆப்பிள் தோல் எப்பவும் இதுலதான் மாட்டும். இந்தப் பக்கத்துப் பல்லு பாதி உடைஞ்சிருக்கும். சின்ன வயசுல சுவரேறிக் குதிச்சப்ப உடைஞ்சது."

பட்டறையில் ஒரு பையன் இப்படி அடுக்கியிருந்தால் மாஸ்டர் மெழுகை வழித்தெறிந்துவிட்டு மறுபடி அடுக்கச் சொல்லியிருப்பார். கோணல், சந்து, ஒன்றின்மேல் ஒன்று. அவள் அதை மேடைமேல் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். தெருவில் தூரத்தில் வருகிற ஆளை நடையை வைத்து யாரென்று கண்டுகொள்வது மாதிரி, மெல்ல மெல்ல, அடையாளம் தெரிந்தது. கனைத்துக்கொண்டார்.

"நான் செஞ்சது புடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே" என்றார்.

"என்னத்தச் சொல்றது, விடுங்க."

அவர் விடவில்லை. வற்புறுத்தவும் இல்லை. வேறு பேச்சுக்குத் தாவாமல், இடைவெளியை ஒரு வேடிக்கையால் அடைக்காமல், சும்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. சிரமமாகத்தான் இருந்தது. மெழுகு உருக்கின அடுப்பு டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த மெழுகை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அளவெல்லாம் சரிதான். வலியும் இல்ல, குத்தலும் இல்ல. எனக்குப் புடிக்கல. மொத நாளே புடிக்கல. கண்ணாடியில பாத்தா வேற யாரோ ஒருத்தி உங்களோட குடித்தனம் பண்ற மாதிரி இருந்துச்சு. அவ வாயால எனக்குச் சிரிக்க வரல."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வேலை முடிஞ்சு வந்ததுலேர்ந்து நீங்க சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. ஷேவ் பண்ணிக்கல. போன் அடிச்சா எடுக்கல. கூப்பிட்டா திரும்பிப் பாக்கவே நேரம் ஆகும். இவருக்கு என்னவோ ஆயிடப் போகுதுன்னு நானும் பொண்ணும் தினம் பேசிப்போம், பயந்து பயந்து. அப்புறம் எனக்குப் பல்லப் புடுங்கினாங்க. நீங்க எந்திரிச்சுட்டீங்க. ரூம்ல நான் அழுதுக்கிட்டிருந்தேன், என் பல்லு போயிடுச்சேன்னு. இங்க நீங்க விசிலடிச்சுக்கிட்டு மெழுகு காய்ச்சினீங்க. எவ்வளவோ மாசம் கழிச்சு வந்த விசில். அதக் கேட்டதுக்கு அப்புறம் எந்த வாயால எனக்கு வேணாம்னு சொல்றது?"